விழட்டும், அங்கே விழட்டும்

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானத்தை ஓட்டக் கற்க வேண்டும் என்று அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு கிளப்பில் சேருகிறவருக்கு முதல் நாள் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். விமானம் தயார். பேட்டரியில் முழு சார்ஜ். கை துறுதுறுக்கிறது. ஆனால் சொல்லிக்கொடுக்க வந்த மூத்த உறுப்பினர் விமானத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்ஸ்மிட்டரைக் கையில் தராமல், மைதானத்தில் ஒரு கோட்டைக் காட்டுகிறார். சில இடங்களில் அது புல்மேல் சுண்ணாம்பில் இழுத்த கோடு. சில இடங்களில் இடுப்பளவு வலைவேலி. கோட்டுக்கு அந்தப் பக்கம் விமானங்கள், இந்தப் பக்கம் மனிதர்கள். முதல் பாடம் அவ்வளவுதான்.

அமெரிக்க மாதிரி விமானப் பிரியர்களின் தேசிய அமைப்பான அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் இந்தக் கோட்டைத் தன் பாதுகாப்பு நெறிகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. பறப்பதெல்லாம் கோட்டுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். பறத்தலோடு நேரடித் தொடர்பு இல்லாத யாரும் அங்கே போகக் கூடாது. 1936இல் தொடங்கிய அமைப்பு அது. பிரிட்டிஷ் மாடல் ஃப்ளையிங் அசோசியேஷன் இன்னும் மூத்தது. 1922இல் வேறொரு பெயரில் பிறந்தது. ரேடியோவால் மாதிரி விமானத்தை ஓட்டும் கலையோ அதைவிட இளையது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937இல் தங்கள் ‘கஃப்’ விமானத்தை ரேடியோ வழியாகப் பறக்கவிட்டது இந்தத் துறையின் தொடக்க காலச் சாதனைகளில் ஒன்று. அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அன்றிலிருந்து சேர்ந்த அனுபவம், ஒளிவுமறைவு இல்லாத ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது: பறக்கிற விமானம் எதுவானாலும் என்றைக்காவது விழும். சர்வோ மோட்டார் சிக்கிக்கொள்ளும், பசை விட்டுப்போகும், பேட்டரி கைவிடும், எல்லாம் சரியாக இருக்கும் நாளில் மனிதன் தவறு செய்வான். ஆகவே கிளப் விதிகளில் பாதிக்கு மேல், விமானம் விழாமல் தடுக்கப் பிறந்தவை அல்ல. அது விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தீர்மானிக்கப் பிறந்தவை. இப்படிப் பார்த்தால், வெறும் கெடுபிடியாகத் தோன்றும் ஒவ்வொரு விதியும் ஒரு சின்ன இயற்பியல் கணக்காக மாறிவிடுகிறது.

மூன்று பந்துகளின் ஆற்றல்

முதலில், விழுந்தால் என்ன ஆகும்? 2 கிலோ எடையுள்ள ஒரு சாதாரண பயிற்சி விமானம் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே விடை 400 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் சுமார் 120 ஜூல்தான். அதாவது மூன்று பந்துகள் ஒன்றாகச் சேர்ந்து வருவதற்கும் மேல். அந்த ஒற்றைப் பந்துக்கே பேட்ஸ்மேன் ஹெல்மெட்டும் பேடும் கட்டிக்கொண்டு நிற்கிறார். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பவரிடம் ஒரு தொப்பிதான் இருக்கும்.

வர்க்கம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எடை இரண்டு மடங்கானால் அடியும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. 5 கிலோ விமானம் 108 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 2,250 ஜூல். பதினெட்டு கிரிக்கெட் பந்துகள். இதைப் பொம்மை என்று சொல்லும் வழக்கத்தை கிளப்புகளில் யாரும் ரசிப்பதில்லை.

கோட்டின் கணக்கு

இனி, எங்கே விழும்? 50 மீட்டர் உயரத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகப் போகும் விமானத்தின் இறக்கை சட்டென்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மிச்சமிருக்கும் உடல் தரையைத் தொட மூன்று விநாடிக்குச் சற்றே கூடுதலாக ஆகும். அதற்குள் அது முன்னோக்கி 80 மீட்டர் போயிருக்கும். 100 மீட்டர் உயரமென்றால் 110 மீட்டரைத் தாண்டும். இந்த 80 மீட்டரும் 110 மீட்டரும் எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. விடை எளியது: உடைந்த கணத்தில் மூக்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம். ஓடும் பேருந்திலிருந்து விழுந்த பை பேருந்து போன திசையிலேயே உருள்வதைப் போல.

இதிலிருந்து ஒரு விதி தானாகப் பிறக்கிறது. விமானம் கூட்டத்தைப் பார்த்துப் பறக்கவே கூடாது. எப்போதும் கோட்டுக்கு இணையாகப் போக வேண்டும். ஓடுபாதையை விட்டு எழுந்ததும் போடும் முதல் திருப்பம் மனிதர்களை விட்டு விலகும் திசையில் இருக்க வேண்டும். இணையாகப் போகும் விமானம் உடைந்தால் துண்டுகள் ஓடுபாதையின் நீளவாக்கில் சிதறும். கூட்டத்தை நோக்கி வரும் விமானம் உடைந்தால், ஓட்டியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. அந்தக் கணத்திலிருந்து விமானத்தை ஓட்டுவது நியூட்டன்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பெரிய விமானம். 1952 செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் காட்சியில் டி ஹாவிலண்ட் டிஎச் 110 என்ற சோதனை ஜெட், ஒலியின் வேகத்தைத் தாண்டிக் காட்டிவிட்டு, தாழ வந்து கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது வானத்திலேயே உடைந்தது. விமானி ஜான் டெர்ரியும் அவருடன் சென்ற அந்தோணி ரிச்சர்ட்ஸும் இறந்தார்கள். கழன்ற என்ஜின் தான் போய்க்கொண்டிருந்த திசையை விடாமல் குன்றின் மேல் நின்ற பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 29 பேர் மாண்டார்கள்.

அதற்குப் பிறகு பிரிட்டன் விதிகளைத் திருத்தியது. நேராகப் பறக்கும் ஜெட் கூட்டத்திலிருந்து 230 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். சாகசம் செய்வதானால் 450 மீட்டர். ஏன் இரண்டு அளவுகள்? நேராகப் போகும் விமானத்தின் துண்டுகள் எங்கே போகும் என்று தெரியும். திரும்பிக்கொண்டிருப்பதன் துண்டுகள் எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் கிளம்பும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைக்குக் கொடுத்த விலைதான் கூடுதல் 220 மீட்டர். பிரிட்டனில் அதற்குப் பிறகு பொதுமக்கள் உயிரிழந்த விமானக் காட்சி விபத்து 2015இல் ஷோர்ஹாமில் நடந்தது. இறந்த 11 பேரும் காட்சி மைதானத்துக்கு வெளியே சாலையில் இருந்தவர்கள். கோடு தன் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. வெளியே இருந்தவர்களைப் போதிய அளவு கணக்கில் எடுத்திருக்கவில்லை. மாதிரி விமான கிளப்புகள் மைதானத்தின் வரைபடத்தில் பக்கத்துச் சாலையையும் வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் குறித்து, அவற்றின் மேலே பறக்கத் தடை என்று எழுதிவைப்பதற்கு இதே காரணம்தான்.

கண்ணுக்கும் ஓர் எல்லை

விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு இடது என்றால் எப்போதும் இடதுதான். தரையில் நிற்பவருக்கு அப்படி இல்லை. விமானம் தன்னை விட்டு விலகிப் போகும்வரை டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் திரும்பும். திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதே அசைவு நம் பார்வைக்கு இடப்பக்கத் திருப்பமாகத் தெரியும். எதிரே நிற்பவருக்குத் தலை வாரிவிடும் குழப்பம் இது. என்ன, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில். புதிதாகக் கற்பவர்கள் உடைக்கும் விமானங்களில் பல இந்த இடத்தில்தான் உடைகின்றன.

இதற்கு கிளப்புகளில் ஒரு கைவைத்தியம் உண்டு. நம்மை நோக்கி வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ள வேண்டும். சாயும் வாழைக்குச் சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுப்பதைப் போல. மூளையில் இடதையும் வலதையும் புரட்டிப் போட வேண்டிய வேலையே இல்லை. அதுவும் கைகொடுக்காத கணத்துக்கு இன்னொரு ஏற்பாடு: ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டரும் மாணவரின் டிரான்ஸ்மிட்டரும் இணைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் மாணவர் கையில் அதிகாரம். விரலை எடுத்த நொடியில் விமானம் ஆசிரியரிடம் வந்துவிடும். எடுப்பது சுலபமாகவும் கொடுப்பது முயற்சியாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள்.

அடுத்தது தொலைவு. ஒன்றரை மீட்டர் இறக்கை விரிவுள்ள விமானம் 300 மீட்டர் தள்ளிப் போனால், நம் கண்ணுக்கு அது முழு நிலாவின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான். அது இறக்கையின் நீளம். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள உடலோ அந்தத் தூரத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் போல இரண்டு மடங்குக்கும் குறைவுதான். நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறிய முடிந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மேகத்தின் பின்னணியில் விமானம் வெறும் கறுப்புக் கீற்றாகத் தெரியும். வருகிறதா, போகிறதா? நிமிர்ந்திருக்கிறதா, தலைகீழா? தெரியாது. ரேடியோ அலை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எட்டும். கண் எட்டாது. ஆகவே கருவியின் திறனை வைத்துத் தூரத்தை முடிவு செய்யாமல் பார்வையை வைத்து முடிவு செய்கிறார்கள். அவசரத்தில் எதிர்வினை காட்ட அரை விநாடி ஆகிறது என்றாலும், 90 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் அதற்குள் 12 மீட்டர் போய்விட்டிருக்கும்.

சூரியனுக்கும் விதி இருக்கிறது. விமானம் சூரிய வட்டத்தைக் கடந்தால் ஓட்டுபவர் சில விநாடிகளுக்குக் குருடர்தான். அதனால் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஐரோப்பாவிலும் இடம் அமைந்தால் ஓட்டுபவர்கள் வடக்கே பார்த்து நிற்கும்படி மைதானத்தை அமைக்கப் பார்ப்பார்கள். அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானில்தான் உச்சிக்கு வரும். முதுகுக்குப் பின்னால் இருந்துவிடும். இந்த விதியை அப்படியே பெயர்த்துச் சென்னைக்குக் கொண்டுவந்தால் சரிப்படாது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. விதியின் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே ஏமாறுவார். சூரியன் கண்ணில் படாத பக்கம் நில் என்ற காரணத்தைப் புரிந்துகொண்டவர் தன் ஊருக்கு ஏற்ற விதியைத் தானே எழுதிக்கொள்வார்.

துணிக் கிளிப்பும் 88 கட்டைகளும்

இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை ஒவ்வொரு கிளப் மைதானத்திலும் ஒரு மரப்பலகை இருக்கும். அதில் வரிசையாக எண்கள், எண்களுக்கு நேரே துணி காயப்போடும் கிளிப்புகள். கோடிக்கணக்கான ரூபாய் பெறும் விண்வெளித் தொழில்நுட்பத்துக்குக் கொஞ்சமும் சளைக்காத பாதுகாப்புக் கருவி அது.

காரணம் இதுதான். அன்றைய டிரான்ஸ்மிட்டர்கள் ஆளுக்கொரு அலைவரிசையில் இயங்கின. அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென்று 72 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 50 சேனல்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸில் 36 சேனல்கள். ஒரே சேனலில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரை இயக்கினால், வானத்தில் இருக்கும் விமானத்துக்கு இரண்டு எஜமானர்கள். விமானத்தில் உள்ள ரிசீவருக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாது. விமானம் துடித்துத் தடுமாறிக் கீழே வரும். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் ‘சும்மா சரிபார்க்கலாம்’ என்று சுவிட்சைத் தட்டினாலே போதும், 200 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடுத்தவரின் பல மாத உழைப்பு மண்ணாகிவிடும்.

இதற்கு மருந்துதான் கிளிப். 24ஆம் சேனலில் பறக்க வேண்டுமானால் பலகையில் உள்ள 24ஆம் எண் கிளிப்பை எடுத்து உங்கள் டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனாவில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த மைதானத்தில் 24ஆம் எண் கிளிப் ஒன்றுதான். அது உங்களிடம் இருந்தால் வேறு யாரிடமும் இருக்க முடியாது. கணினி இல்லை, மின்சாரம் இல்லை, காவலாள் இல்லை; ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற உண்மை ஒன்றே பூட்டும் சாவியும். சில கிளப்புகளில் வழக்கம் நேர்மாறு: பெயர் எழுதிய சொந்தக் கிளிப்பைக் கொண்டுபோய்ப் பலகையில் மாட்ட வேண்டும். இரண்டில் எதுவானாலும் பாதுகாப்புதான். ஆபத்து எப்போது என்றால், ஒரு வழக்கத்தில் பழகியவர் மற்ற வழக்கம் உள்ள மைதானத்துக்கு விருந்தாளியாகப் போகும்போது. காலியான இடம் அவர் ஊரில் ‘யாரும் இல்லை, வா’ என்று சொல்லும். இங்கே ‘யாரோ எடுத்துப் போயிருக்கிறார்’ என்று சொல்லும்.

2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்து இந்தப் பலகைகளை ஓரம் கட்டின. இவை ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருப்பதில்லை; சமிக்ஞையை அகலமாகப் பரப்புகின்றன, அல்லது விநாடிக்குப் பலமுறை அலைவரிசை மாறித் தாவுகின்றன. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒருமுறை ‘பைண்ட்’ செய்யப்பட்டால், அந்த ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணைச் சுமந்து வரும் கட்டளையை மட்டும் கேட்கும். அலைவரிசை தாவும் எண்ணத்தின் வம்சாவளியில் ஒரு சினிமா நடிகை இருக்கிறார். வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலுடன் சேர்ந்து, எதிரி குறுக்கிட முடியாத டார்பிடோவுக்காக 1942இல் வாங்கிய காப்புரிமையில், தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருள்களைக் கொண்டு 88 அலைவரிசைகளுக்கு இடையே தாவும் யோசனை இருந்தது. பியானோவில் 88 கட்டைகள்.

கிளிப் போனதால் தவறும் போய்விட்டதா? இல்லை, வேறு இடத்துக்குக் குடிபோனது. ஒரே டிரான்ஸ்மிட்டர் இப்போது பத்து, இருபது விமானங்களின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கிறது. தவறான விமானத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிளம்பினால், இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்களான ஏலரான்கள் தலைகீழாக வேலை செய்யலாம். எழும்பிய மூன்றாவது விநாடியில் கதை முடியும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் எழும்புவதற்கு முன் அந்தச் சடங்கு: குச்சியை வலப்பக்கம் தள்ளு, வலது ஏலரான் மேலே எழுகிறதா என்று வாய்விட்டுச் சொல். ‘அசைகிறது’ என்பது பதில் ஆகாது. எந்தப் பக்கம் அசைகிறது என்பதே பதில். புதிய விமானமோ பழுது பார்த்த விமானமோ என்றால், டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு, தரையில் முப்பது அடி எடுத்துவைத்து விலகி நின்று, கட்டளை போய்ச் சேருகிறதா என்று சோதிப்பார்கள்.

அப்படியும் வானத்தில் தொடர்பு அறுந்தால்? ரிசீவரில் ‘ஃபெயில்சேஃப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. சமிக்ஞை நின்றதும் அது என்ஜினை அடக்கும், அல்லது மோட்டாரை நிறுத்தும். இது விமானத்தைக் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அநேகமாக விழச் செய்யும். ஆனால் என்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கேட்பாரற்ற விமானம் ஊருக்குள்ளே போய் விழக்கூடும். என்ஜின் அடங்கினால் மைதானத்துப் புல்லில் விழும் வாய்ப்பு கூடுகிறது. நன்றாக மிதக்கும் விமானம் 100 மீட்டர் உயரத்திலிருந்து 800 மீட்டர் கூட வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதால், சிலர் வால் ரட்டரையும் லேசாகத் திருப்பி வைக்கிறார்கள். விமானம் அங்கேயே வட்டமடித்து இறங்கும். கோடு தரையில் செய்யும் வேலையை ஃபெயில்சேஃப் வானத்தில் செய்கிறது.

மூக்கில் ஒரு கத்தி

பறக்கும் விமானத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். ஆனால் கிளப்புகளில் தையல் போடும் அளவுக்கான காயங்கள் பெரும்பாலும் தரையில் நிற்கும் விமானத்தால்தான் ஏற்படுகின்றன. 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. சுழலும்போது கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. துண்டு உடைந்தால் அது சுழல்தளத்தின் பக்கவாட்டில்தான் பறக்கும். அதனால் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, பின்னால் நிற்க வேண்டும். உலோக புரொப்பெல்லரை அமெரிக்க அமைப்பு அடியோடு தடை செய்திருக்கிறது.

மாதிரி ஹெலிகாப்டரின் கணக்கு இன்னும் கொடியது. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றாலும் நுனி வேகம் 560 கிலோமீட்டரைத் தாண்டும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர் தான் ஓட்டிய ஹெலிகாப்டரே தாக்கி இறந்தார். அனுபவம் இல்லாதவர் அல்ல, அதில் தேர்ந்தவர்.

மின்மோட்டார் வந்த பிறகு அபாயத்தின் குணம் மாறிவிட்டது. பழைய எரிபொருள் என்ஜினைக் கிளப்புவதற்கே பாடுபட வேண்டும். ஓடினால் ஊருக்கே கேட்கும். கையோ சட்டையோ சிக்கினால் காயப்படுத்திவிட்டாவது நின்றுவிடும். மின்மோட்டார் மௌனமாகக் காத்திருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சியில் முழங்கை தவறுதலாகப் பட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முழு வேகத்தில் பாயும். தடுத்தால் நிற்காமல் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து மறுபடி சுற்றப் பார்க்கும். ஆகவே பேட்டரியை இணைத்த நொடியிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்தான் என்று கருத வேண்டும். வீட்டில் அமைப்புகளைச் சரிசெய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானம். முடிக்கும்போது முதலில் விமானம், பிறகு டிரான்ஸ்மிட்டர். கட்டளையிட ஆள் இல்லாமல் விமானம் ஒரு கணமும் விழித்திருக்கக் கூடாது.

பேட்டரியும் சாது அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும், மூன்று செல் கொண்ட 2,200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரியில் சுமார் 88,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. மேலே சொன்ன பயிற்சி விமானம் மோதும் ஆற்றலைப் போல 220 மடங்கு. ஒழுங்காக வெளிவந்தால் அது பறத்தல். ஒரே மூச்சில் வெளிவந்தால் தீ. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அடியில் தீப்பிடிக்காத தளம் இருக்க வேண்டும். விழுந்த விமானத்தின் பேட்டரியை உடனே கார் டிக்கியில் போட்டுவிடக் கூடாது. உள்ளே நசுங்கிய செல் சில நிமிடங்கள் கழித்தும் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் தனியே வைத்து அரைமணி நேரமாவது கவனிக்க வேண்டும்.

காதுக்கான விதிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கைந்து விமானங்கள் ஒரே நேரத்தில் பறக்கும் மைதானத்தில், கண்ணை மூடிக்கொண்டு நின்றால் ஒரு விசித்திரமான உரையாடல் கேட்கும். ஒருவர் ‘எழும்புகிறேன்’ என்கிறார். இன்னொருவர் ‘இறங்குகிறேன்’ என்கிறார். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது, ஒவ்வொருவர் கண்ணும் தன் விமானத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. கண் மாட்டிக்கொண்டதால் செய்தியெல்லாம் காது வழியாகத்தான் போக வேண்டும். கோட்டோரத்தில் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் அதற்காகத்தான். ஆளுக்கொரு மூலையில் நின்றால் குரல் எட்டாது.

அந்தக் கூவல்களில் ‘டெட் ஸ்டிக்’ என்பதற்கு முதல் மரியாதை. என்ஜின் நின்றுவிட்டது, எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்று பொருள். கேட்டவுடன் மற்றவர்கள் ஓடுபாதையை விட்டு விலகி மேலே போய்விடுவார்கள். பிரிட்டனில் ‘ஏ’ சான்றிதழ் வாங்க வருகிறவர் எட்டு வடிவிலும் செவ்வகச் சுற்றிலும் பறந்து காட்டுவதோடு, என்ஜின் நின்றுவிட்டதாகப் பாவித்து இறக்கியும் காட்ட வேண்டும். பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்லவும் வேண்டும். பறக்கத் தெரிந்தால் போதாது; பறக்க முடியாத நிலையில் என்ன செய்வது என்றும் தெரிய வேண்டும்.

எல்லாக் கூவல்களுக்கும் மேலே ஒன்று உண்டு. மனிதர் போகும் விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால் மாதிரி விமானம் எதுவானாலும் உடனே கீழிறங்கி வழிவிட வேண்டும். உள்ளே இருப்பவருக்கு மாதிரி விமானம் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் கட்டுப்பாடற்ற வான்பகுதியில் பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்களுக்கு உச்ச வரம்பு 400 அடி. மக்கள் நெரிசல் இல்லாத நிலப்பகுதியில் மனிதர் போகும் விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை. இடையில் இருக்கும் 100 அடிதான் வானத்தில் போட்ட கோடு. ஆனால் மருந்து தெளிக்கும் விமானமும் மீட்பு ஹெலிகாப்டரும் அதற்குக் கீழேயும் வரும். அதனால் ஓட்டுபவர் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் நிற்பது நல்லது.

2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பொழுதுபோக்குக்காகப் பறப்பவர்கள் அங்கீகாரம் பெற்ற சமூக அமைப்பு ஒன்றின் பாதுகாப்பு நெறிகளின்படி பறக்க வேண்டும் என்கிறது. கிளப் கொட்டகையில் ஒட்டியிருந்த காகிதத்துக்குச் சட்டத்தின் கனம் வந்துவிட்டது. இந்தியாவில் 2021 ஆகஸ்ட்டில் வந்த டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்குத் தனி வரையறை கொடுத்திருக்கின்றன: 25 கிலோவுக்கு மிகாமல், கல்விக்கோ ஆய்வுக்கோ வடிவமைப்புக்கோ சோதனைக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும், கண்பார்வைக்குள் பறக்க வேண்டும். முன்அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நிற்கும் இடம் என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘கண்பார்வைக்குள்’ என்ற ஒரு சொல்லில், நிலாவில் பாதியாகத் தெரியும் அந்த இறக்கைக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கிளப் ஒன்றின் நல்ல நாள் எது? எல்லா விமானமும் பத்திரமாக இறங்கிய நாள் என்றுதான் தோன்றும். பழைய ஆட்கள் வேறொரு காட்சியைச் சொல்வார்கள். தூரத்தில் டப் என்று ஒரு சத்தம். கோட்டோரத்தில் ஒரு பெருமூச்சு. உடைத்தவர் டிரான்ஸ்மிட்டரைக் கீழே வைத்துவிட்டு, ‘மைதானத்தில் ஆள்’ என்று குரல் கொடுத்து, மற்றவர்கள் ‘சரி’ என்று சொன்ன பிறகு, பிளாஸ்டிக் பையோடு புல்லுக்குள் நடக்கிறார். மோட்டார் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். பேட்டரியைக் கழற்றித் தள்ளி வைக்கிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.